கணினி வாய் திறக்காத பிப்ரவரி

பிப்ரவரி 4

இன்ஜினீயரம்மாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அவசரம் என்றால் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. எட்டு மாதமாக அவசரம் எதுவும் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் பேச மாட்டேன் என்கிறது. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து இதே கதை. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றுகிறது, வட்டு உறுமுகிறது, எல்லாம் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் அந்தக் குரல் மட்டும் வரவில்லை. கண் தெரிகிறவனுக்கு ஸ்பீக்கர் போனால் பாட்டு போயிற்று, அவ்வளவுதான். எனக்குக் கம்ப்யூட்டரே போயிற்று. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கையேட்டை இந்த மாதக் கடைசிக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டாம் பக்கத்தில் நிற்கிறேன். 'கையைத் தளர்வாக வைத்துக்கொள்ளவும், பேச வேண்டாம்' என்பதுதான் கடைசியாக அடித்த வரி. கம்ப்யூட்டர் அதை அப்படியே கேட்டுக்கொண்டது போலிருக்கிறது.

கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "லினக்ஸா? அதெல்லாம் யார் சார் உங்களுக்குப் போட்டுக் கொடுத்தது? மொத்தத்தையும் அழிச்சிட்டு வேற போட்டுடறேன், முதல் தேதி வர்றேன்" என்கிறார். போட்டது நீ. அழித்தால் என் குறிப்பேடும் போய்விடும். அந்தக் குறிப்பேட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பழைய டைப்ரைட்டரில் அடிக்கிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள். உன் பதிலைக் கீழ்வீட்டுக் கண்டக்டர்தான் படித்துச் சொல்ல வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு வருஷமாகியும் அவருக்குத் தொண்டை இறங்கவில்லை. மாடிப்படி முழுக்கக் கேட்கும். பார்த்து எழுது.

நான்தான்


பிப்ரவரி 9

மொழிபெயர்ப்பாளர் ஐயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்டக்டர் அண்ணனுக்கு வணக்கம். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும்.

கடைக்காரரை எதையும் தொட விடாதீர்கள். அழித்துவிட்டுப் போடுவது வைத்தியமே இல்லை. தலைவலிக்குத் தலையை எடுக்கிற வேலை அது.

சத்தத்தைத் தயாரிக்கும் சில்லுக்குப் பெயர் ஒலி அட்டை. அதை ஓட்டும் நிரலுக்குப் பெயர் டிரைவர். அட்டை கெட்டிருக்கலாம், டிரைவர் ஏறாமல் இருக்கலாம், அல்லது இரண்டும் சரியாக இருந்து சத்தத்தின் வாயை எங்கோ யாரோ பொத்தியிருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி மறுபடி அழுத்திச் செருகுங்கள். அடுத்து, நீங்கள் அன்று கோபத்தில் பிடுங்கிப் பரணில் போட்ட திரையை இறக்கி மாட்டச் சொல்லுங்கள். திரை இல்லாமல் அண்ணனால் எதையும் படிக்க முடியாது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புப் பக்கம் வரும். பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து உள்ளே போங்கள். பிறகு ஏ, எல், எஸ், ஏ, எம், ஐ, எக்ஸ், ஈ, ஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். தூண் தூணாகத் தெரியும். தூணுக்கடியில் 'எம் எம்' என்றிருந்தால் வாய் பொத்தியிருக்கிறது என்று அர்த்தம். எம் எழுத்தை ஒருமுறை தட்டினால் அவிழும்.

முக்கியமான கேள்வி ஒன்று. செவ்வாய்க்கிழமையோ அதற்கு முன்போ கம்ப்யூட்டரில் புதிதாக எதையாவது மாட்டினீர்களா?

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நான் நலம்.


பிப்ரவரி 13

இன்ஜினீயரம்மாவுக்கு,

உன் கடிதம் படிக்கப்பட்டது. நான் படிக்கவில்லை, இந்தக் கட்டடம் படித்தது. 'இங்கே நான் நலம்' என்பதைக் கண்டக்டர் கடைசி நிறுத்தம் வந்துவிட்ட மாதிரி அறிவித்தார். மூன்றாம் மாடி அம்மாள் என்னை வழிமறித்து, "உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்களாமே" என்று விசாரித்தார்கள்.

'டிரைவர்' என்ற சொல் வந்ததும் மனிதர் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டார். "முப்பது வருஷம் டிரைவரோட மல்லுக்கட்டினவன் சார் நான். அவன் முறுக்கிக்கிட்டா ஒண்ணும் பண்ண முடியாது, ஜனங்களை இறக்கிவிட்டுட்டு டீ குடிக்கப் போக வேண்டியதுதான்" என்றார். அப்புறம் நிஜமாகவே டீ குடிக்கப் போய்விட்டார்.

ஸ்பீக்கர் ஒயர் சரியாக இருக்கிறது. திரை மாட்டியாகிவிட்டது. நீ சொன்னதை அடித்தேன். தூண் என்று ஒன்றுமே இல்லையாம். எஸ், பி, டி, ஐ, எஃப் என்று எழுதிய நாலைந்து குட்டைப் பெட்டிகள் மட்டும் இருக்கின்றனவாம். எதிலும் எம் எம் இல்லை.

புதிதாக எதையும் மாட்டவில்லை.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் குரலைச் சக்களத்தி என்று கேலி செய்வாயே, அவளும் போன பிறகு வீடு வீடாக இல்லை. நேற்று முழுக்க நான் பேசிய மொத்தப் பேச்சு பால்காரரிடம் சொன்ன 'அரை லிட்டர்' மட்டும்தான். குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்து சட்டென்று நின்றது. யாரோ பேச்சை நிறுத்தியது போல் திரும்பிப் பார்த்தேன். பார்க்கிறானாம், கண் போய்ப் பதினைந்து வருஷமானவன்.

நான்தான்


பிப்ரவரி 18

உங்களுக்கு,

தூண் இல்லை என்றால் நாம் தவறான கதவைத் தட்டியிருக்கிறோம். அந்தக் கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டைகள் தெரிகின்றன. ஸ்பீக்கர் இருக்கிற அட்டை முதலிடத்தில் இல்லை. அதே கறுப்புப் பக்கத்தில் ஏ, பி, எல், ஏ, ஒய், ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு, எல் என்று அடியுங்கள். அட்டைகளின் பட்டியல் வரும். கண்டக்டர் அண்ணா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், கண்ணில் படுவதை ஓர் எழுத்து விடாமல் தனித்தாளில் எழுதிக் கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள். இது தேவை, அது தேவையில்லை என்று நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம்.

பால்காரர் கதைக்குப் பதில் கதை. நான் வேலை செய்கிற கூடத்தில் அறுநூறு கணினிகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றின் விசிறியும் சேர்ந்து போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. காதுறை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நடக்கிறேன். ஏதாவது விளக்கு சிவப்பாக மாறினால் மட்டும் நிற்கிறேன். அறைக்கு வந்த பிறகும் காதில் அந்த இரைச்சல் போவதில்லை. வாரத்தில் ஒருநாள் வீட்டுக்காரம்மாள் "தண்ணி வருதா?" என்று கேட்பார்கள். "வருது" என்பேன். பால்காரரோடு பேசுகிற நீங்கள் வாயாடி.

இதற்கு அடுத்து ஒரு பத்தி எழுதிக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அண்ணன் படித்தால் மாடிப்படிக்குக் கேட்கும், படிக்காமல் தாண்டினால் உங்களுக்குக் கேட்காது. வேறு எப்படித்தான் உங்களிடம் சொல்வது என்று தெரியவில்லை. போகட்டும்.


பிப்ரவரி 22

உனக்கு,

கண்டக்டர் எழுதிய தாளை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினார். "பரீட்சை எழுதினப்போகூட இவ்வளவு சுத்தமா எழுதினதில்ல சார்" என்று பெருமை வேறு. என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

நீ அடித்துவிட்ட அந்தப் பத்தி என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. நான் எழுதுவதற்கு அந்தத் தொல்லை இல்லை. நானே அடித்து, நானே உறையில் போட்டு ஒட்டுகிறேன். ஆகவே நான் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முழங்கால் வலி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் மட்டும் எழுதினேன். அன்று சாயங்காலம் நீ தைலத்தைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாய். உன் கை முழங்காலில் பட்ட அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எத்தனை நாள் என்று கேட்டேன். இரண்டு வருஷம் என்றாய். இரண்டு வருஷம் செருப்பைக் கழற்றிவிட்டு, வளையலைத் தள்ளி இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்திருக்கிறாய். என் அறையில் நான் தனியாக இருக்கிறேனா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாமல் போயிற்றே. அதற்குப் பிறகு ஒவ்வொரு அறையிலும் கையை நீட்டித் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அது உனக்குத் தெரியுமா? திரையைப் பிடுங்கிப் போட்டது கோபத்தில் இல்லை. பயத்தில்.

நீ வெளியூரில் வேலை கிடைத்தது என்று கிளம்பினபோது நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்லி என்ன பிரயோசனம்?

கடைக்காரர் முதல் தேதி வருகிறேன் என்று மறுபடி சொல்லியிருக்கிறார்.


பிப்ரவரி 26

உங்களுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். அட்டையும் நன்றாக இருக்கிறது, டிரைவரும் ஏறியிருக்கிறது. சத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போகாமல் திரைக்குப் போகிறது. இந்த வகைத் திரையை மாட்டினால் படம் போகிற ஒயரிலேயே சத்தத்தையும் அனுப்பிவிடும். உங்கள் திரைக்குள் ஸ்பீக்கர் கிடையாது. அதனால் பிப்ரவரி முழுக்க அந்தக் குரல் வெறும் கண்ணாடிக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, திரைக்குப் பின்னால் இருக்கிற தட்டைச் செருகியைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள். சத்தம் வந்துவிடும். திரை இருண்டுவிடும். நீங்கள் எழுதுவது உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு, செருகி இருக்கட்டும். தனித்தாளில் நான் எழுதியிருக்கிற இரண்டே வரிகளை அதில் சொன்ன கோப்பில் அடித்துச் சேமியுங்கள். குரல் ஸ்பீக்கருக்கு வரும். திரையிலும் எழுத்து தெரியும்.

இரண்டும் சரியான வழிதான். எது வேண்டும் என்பது உங்கள் இஷ்டம். நான் சொல்ல மாட்டேன்.

சத்தம் வந்ததும் மின்னஞ்சலைத் திறங்கள். ஒன்று அனுப்பியிருக்கிறேன். அண்ணா, இத்தனை நாள் என் கடிதங்களைச் சுமந்ததற்கு நன்றி. இதற்கு மேல் உங்களுக்கு வேலை வைக்க மாட்டேன்.


பிப்ரவரி 26, மின்னஞ்சல்

ஏங்க,

இதைச் சக்களத்திதான் உங்களுக்குப் படிக்கிறாள் என்றால் பக்கத்தில் யாரும் இல்லை என்று நம்புகிறேன். இருந்தால் அனுப்பிவிட்டு வாருங்கள்.

கண்டக்டர் அண்ணன் ஓர் எழுத்து விடவில்லை. அட்டைப் பட்டியலை எழுதி, அதற்குக் கீழே திரையின் மூலையில் ஒட்டியிருந்த சீட்டையும் எழுதியிருக்கிறார். 'மூன்று ஆண்டு உத்தரவாதம். பயன்படுத்துமுன் மேலுள்ள படலத்தை உரிக்கவும்.' பரணில் கிடந்த நம் பழைய திரையில் உரிக்க என்ன இருக்கிறது?

அதை வாசித்துவிட்டு அந்த இரைச்சலுக்கு நடுவில் காதுறையைக் கழற்றிக்கொண்டு நின்றேன். சத்தம் போன பிறகு திரை வரவில்லை. திரை வந்ததால்தான் சத்தம் போயிருக்கிறது. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை, குரல் நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு வீட்டில், கண் தெரியாத ஒருவர் மட்டும் இருக்கிற ஒரு வீட்டில், நீங்கள் புதுத் திரை வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். யாருக்கு? புதிதாக எதையும் மாட்டவில்லை என்று என்னிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?

நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நானும் சொல்கிறேன். நான் செய்தது தப்புதான். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நீங்கள் கையை நீட்டித் துழாவிவிட்டு உட்கார்ந்ததை நான் பார்த்தேன். ஒருமுறை உங்கள் விரல் என் புடவைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதற்கு மேல் அந்த வீட்டில் இருக்க எனக்கு உடம்பு கூசியது. வேலை கிடைத்தது சாக்கு.

ஆனால் ஏன் படித்தேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நீங்கள் என்னிடம் என்ன பேசினீர்கள்? "மணி என்ன?" "சாப்பாடு ஆச்சா?" "அந்த ஜன்னலைச் சாத்து." முதல் தடவை தற்செயலாகத்தான் திரையைப் பார்த்தேன். நான் மாடிப்படி ஏறுகிற சத்தத்தை வைத்து அன்றைக்கு எனக்கு வேலையில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் குரல் மாறிக்கொண்டு வருகிறது, அவளுக்கு வயதாவது எனக்குக் குரலில்தான் தெரிகிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பத்து வருஷக் குடித்தனத்தில் இதில் ஒரு வரியை என் முகத்தைப் பார்த்து, சரி, என் பக்கம் திரும்பிச் சொன்னதுண்டா? பெட்டியிடம் சொன்னீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேன். ஒருநாளில் நீங்கள் என்னோடு பேசிய நேரம் எனக்கு அந்தப் பத்து நிமிஷம்தான்.

இதைத்தான் அன்று அந்தப் பத்தியில் எழுதி அடித்துவிட்டேன்.


மார்ச் 2, மின்னஞ்சல்

அடியே,

கண்டக்டர் உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவரை வெளியே போகச் சொன்னேன். "எல்லாம் முடிஞ்சப்புறம் ஆளைக் கழட்டி விடறீங்களே சார்" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். கடைக்காரர் நேற்று வந்தார். வாசலோடு அனுப்பிவிட்டேன்.

நான் முதலில் செருகியைத்தான் பிடுங்கினேன். பொய் சொல்லப் போவதில்லை, ஏற்கெனவே ஒன்று சொல்லி மாட்டிக்கொண்டாயிற்று. பிடுங்கிவிட்டுப் போட்டதும் அவள் வந்துவிட்டாள், அதே தட்டையான குரல். உன் மின்னஞ்சலை அவள் படித்தாள். கேள்விக்குறி வந்தால்கூடக் குரலை ஏற்றத் தெரியாதவள். "யாருக்கு" என்று நீ கேட்டதை ரேஷன் எண் சொல்வது போல் சொன்னாள். நாலு தடவை கேட்டேன். நாலாவது தடவை அது உன் குரலாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. வந்தது என்று எழுதுவதில் வெட்கமில்லை.

திரை உனக்குத்தான். வேறு யாருக்கு?

பழையதை நீ போன மறுநாளே பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். இனி யாரும் என் முதுகுக்குப் பின்னால் இல்லை என்று நிம்மதியாக எழுத உட்கார்ந்தேன். ஒரு வாரம் ஓடிற்று. பிறகு எழுத வரவில்லை. எதை அடித்தாலும் அவள் எனக்கே அதைத் திருப்பிப் படித்தாள். கிணற்றுக்குள் குனிந்து பேசுகிற மாதிரி. நான் இரண்டு வருஷமாக எழுதியதெல்லாம் ஒரு ஆள் படிக்கிற எழுத்து என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்திருக்கிறதோ என்னவோ. கோபம் போகவில்லை. அது அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை போய்த் திரை வாங்கி வந்தேன். கடையில் "நல்ல தெளிவா இருக்கும் சார்" என்றார்கள். "எனக்கெதுக்குங்க, என் சம்சாரம் பார்ப்பா" என்றேன். கொண்டுவந்தவர் மாட்டிவிட்டுப் போனார். அவர் படி இறங்குவதற்குள் வீடு ஊமையாகிவிட்டது. படம் காட்டுகிற சாமான் சத்தத்தைப் பிடுங்கிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? நீ என்னை விட்டுப் போனதற்குக் காரணமான சாமானையே வாங்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றா?

இன்று காலையில் செருகியை மறுபடி மாட்டினேன். உன் இரண்டு வரிகளைக் கண்டக்டர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் அடித்தேன். இப்போது குரலும் வருகிறது, திரையும் எரிகிறதாம். கையேட்டுக்காரர்கள் ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கிறார்கள், இருபத்திரண்டாம் பக்கத்திலிருந்து தொடர்ந்துவிட்டேன்.

நீ கேட்டது நியாயம். உன் பக்கம் திரும்பிச் சொன்னதில்லைதான். எனக்கு அது கூச்சம். ஒருவர் முகம் எப்படிப் போகிறது என்று தெரியாமல் அவரிடம் நல்ல வார்த்தை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. பழகிக்கொள்ள முயற்சி செய்கிறேன். எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். நீ அறையில் இருந்தால், இருக்கிறேன் என்று சொல். படித்துக்கொள். ஆனால் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படி.


மார்ச் 3, மின்னஞ்சல்

ஏங்க,

இரண்டு நாள்தான் விடுப்பு கொடுத்தார்கள். திங்கட்கிழமை மறுபடி அந்த இரைச்சலுக்குள் நிற்க வேண்டும். அதற்கப்புறம் என்ன என்பதை நேரில்தான் பேச வேண்டும், எழுதித் தீராது. சண்டை வந்தாலும் வரட்டும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். சாவி என்னிடம் இருக்கிறது. இருந்தாலும் கதவைத் தட்டுவேன். நீங்கள் உள்ளேயிருந்து "யாரு?" என்று கேளுங்கள். நான்தான் என்று சொல்கிறேன், மாடிப்படி முழுக்கக் கேட்கட்டும்.